மறைவதும் மறைக்கப்படுவதும்

ஐந்தடி அளவே உயரமுள்ள ஒரு பெண்ணுடலின் உருவரை. சிலவற்றில் கைகள் மேலே உயர்ந்திருக்கும். சிலவற்றில் உடலோடு ஒட்டிக் கிடக்கும். முகம் கிடையாது. ஆற்றங்கரைச் சேற்றிலோ, புல்தரையிலோ, கடற்கரை மணலிலோ, பனியிலோ அது பதிந்திருக்கும். பூவோ கல்லோ சாம்பலோ செஞ்சாயமோ வெடிமருந்தோ அதை நிரப்பியிருக்கும். சற்று நேரத்தில் அலை வந்து கரைத்துவிடும், அல்லது தீ தின்றுவிடும், அல்லது அடுத்த பருவத்தில் புல் முளைத்து மூடிவிடும். கியூபாவில் பிறந்து, பன்னிரண்டு வயதில் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, ஓவியராகத் தொடங்கி, பிறகு தூரிகையை வைத்துவிட்டு உடலையும் மண்ணையும் தீயையும் படச்சுருளையும் தன் ஊடகங்களாக்கிக்கொண்ட அனா மெண்டியேட்டா, 1973 முதல் 1980 வரை இத்தகைய உருவரைகளை நூற்றுக்கும் மேல் செய்தார். ஸ்பானிய மொழியில் ‘சிலுவேத்தா’ என்று அவற்றுக்குப் பெயர்.

1985 செப்டம்பர் 8 அதிகாலையில், நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் 34-ஆவது மாடிச் சன்னலிலிருந்து விழுந்து அவர் இறந்தார். வயது 36. அப்போது வீட்டில் இருந்த ஒரே ஆள் அவருடைய கணவர், அமெரிக்கச் சிற்பக்கலையில் பெரும்பெயர் பெற்ற காரல் ஆந்த்ரே. அவர்களுக்குத் திருமணமாகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஆந்த்ரேமீது கொலைவழக்கு நடந்தது. 1988-இல் அவர் விடுதலையானார். இது விபத்தாக இருக்கலாம், தற்கொலையாகவும் இருக்கலாம் என்ற எதிர்த்தரப்பு வாதத்துக்கு அனாவின் படைப்புகளே துணைக்கு இழுத்துவரப்பட்டன. மண்ணில் தன் உடலைப் பதித்துப் பதித்து அழியவிட்டவள், கல்லறைக்குள் படுத்துப் படமெடுத்துக்கொண்டவள், இரத்தத்தைக் கையால் அள்ளிச் சுவரில் தீற்றியவள். அவளுக்குச் சாவின்மேல் ஒரு நாட்டம் இருந்திருக்காதா?

தீர்ப்பு சட்டத்தின் வேலை. அது 1988-லேயே முடிந்துவிட்டது. என் வழக்கு அந்த வாசிப்போடு. ஒரு பெண் தன் கலையில் தன்னை மறையவிடுவதும், ஒரு பெண் மறைக்கப்படுவதும் ஒன்றா? கேட்டவுடன் ‘இல்லை’ என்று சொல்லிவிடுவோம். ஆனால் வழக்குரைஞர்களை விடுங்கள். விமர்சகர்கள், காட்சியகங்கள், அனாவை நேசிக்கும் பெண்ணியவாதிகளாகிய நாம் என எல்லோருமே இந்த இரண்டையும் தொடர்ந்து குழப்பிக்கொண்டுதான் இருக்கிறோம். அந்தக் குழப்பத்துக்கு ஒரு விலை இருக்கிறது. அதைச் செத்தவள் மட்டும் கொடுப்பதில்லை.

அனா 1948-இல் ஹவானாவில் பிறந்தார். வசதியும் அரசியல் செல்வாக்கும் உள்ள குடும்பம். தந்தைவழி உறவினரான கார்லோஸ் மெண்டியேட்டா 1930-களில் நாட்டின் குடியரசுத் தலைவராக இருந்தவர். தாய் வேதியியல் படித்தவர். 1959 புரட்சியை முதலில் வரவேற்ற தந்தை பிறகு அதற்கு எதிரணியில் சேர்ந்தார். அந்தச் சமயத்தில்தான் கத்தோலிக்கத் திருச்சபையின் முன்முயற்சியில் கியூபக் குழந்தைகளைப் பெற்றோர் இல்லாமல் தனியே அமெரிக்காவுக்கு விமானமேற்றும் திட்டம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. 1960 டிசம்பரிலிருந்து 1962 அக்டோபர் வரை 14,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் அப்படிப் போனார்கள். பறந்துபோகும் சிறுவன் ஒருவனின் கதையிலிருந்து எடுத்து அதற்கு ‘பீட்டர் பான்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். பெற்றோர் அச்சத்தில் தாங்களே முன்வந்து அனுப்பினார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் அந்தப் பெயரைக் கேட்டால் எனக்கு உடம்பு கூசுகிறது.

1961 செப்டம்பரில் அனாவும் பதினைந்து வயது அக்கா ராக்கெலினும் விமானமேறினார்கள். சில மாதங்களில் எல்லாம் சரியாகிவிடும், திரும்பிவிடலாம் என்பதுதான் அப்போது எல்லோரும் போட்ட கணக்கு. போய்ச் சேர்ந்த இடம் அயோவா. சோளக்காடும் கடுங்குளிரும் கொண்ட, கடலே இல்லாத மாநிலம். அனாதை இல்லம், ஒரு வளர்ப்புக் குடும்பம், இன்னோர் இல்லம், இன்னொரு குடும்பம் என்று மாறிமாறி வளர்ந்தார்கள். தாயும் தம்பியும் வந்துசேர ஐந்து ஆண்டுகள் ஆயின. கியூபச் சிறையில் இருந்த தந்தை 1979-இல்தான் வர முடிந்தது. ஹவானாவில் வேலைக்காரர்கள் இருந்த வெள்ளைக்காரக் குடும்பத்தின் பெண்ணை, அயோவாவின் பள்ளிப் பிள்ளைகள் நிறத்தைச் சொல்லி ஏசினார்கள். ஊர் மாறியதும் உடம்பின் பொருளே மாறிவிட்டது. உடல் என்பது பிறப்பிலேயே முடிவாகிவிட்ட ஒன்றல்ல, பார்க்கிறவர்களின் கண்ணில் ஒவ்வொரு நாளும் செய்யப்படுவது என்பதை அவர் எந்தக் கோட்பாட்டு நூலும் படிப்பதற்கு முன்பே தெரிந்துகொண்டிருப்பார்.

அயோவா பல்கலைக்கழகத்தில் ஓவியம் படித்து, 1972-இல் அதில் முதுகலைப் பட்டம் பெற்றார். பட்டம் வாங்கிய கையோடு ஓவியத்தை விட்டார். ஓவியம் தான் சொல்ல நினைப்பதற்குப் போதுமான அளவு மெய்யானதாக இல்லை என்று பின்னாளில் காரணம் சொன்னார். அதே பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் பிரெடர் என்ற ஜெர்மானியக் கலைஞர் ‘இன்டர்மீடியா’ என்ற புதிய பாடத்தைத் தொடங்கியிருந்தார். ஓவியம், நாடகம், நடனம், திரைப்படம் ஆகிய எல்லைகளை மதிக்காத பாடம். அனா அங்கே போய்ச் சேர்ந்தார்.

அங்கே செய்த முதல் வேலைகளில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. தாடி வைத்திருந்த ஆண் நண்பர் ஒருவரை மழிக்கச் சொல்லி, அந்த மயிரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் முகத்தில் ஒட்டிக்கொண்டார். நடந்ததெல்லாம் நிழற்படங்களாகப் பதிவாயிற்று. 1972. ஒட்டுத்தாடி போட்டுக்கொள்வது வேறு. இது ஓர் ஆணின் முகத்திலிருந்து இறங்கி ஒரு பெண்ணின் முகத்துக்குக் குடிபெயர்ந்த மயிர். ஒட்டி முடித்த பிறகு அது தன் முகத்துக்கு உரியதாகவே தோன்றியது என்பது அவருடைய கூற்று. குடிபெயர்ந்தவள் அல்லவா, ஒட்டவைத்தது எப்போது சொந்தமாகிறது என்பது அவருக்குத்தானே தெரியும்.

அடுத்த ஆண்டு சிரிக்க முடியாத ஆண்டு. 1973 மார்ச்சில், அதே பல்கலைக்கழகத்தின் செவிலியர் படிப்பு மாணவி ஒருவர் வளாகத்தின் விடுதியிலேயே பாலியல் வல்லுறவுக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். அதன்பின் அனா தன் சக மாணவர்களை வீட்டுக்கு வரச் சொன்னார். வந்தவர்கள் கண்டது: கதவு சற்றே திறந்திருக்கிறது, உள்ளே மங்கிய வெளிச்சம், மேசையோடு கட்டப்பட்டுக் குப்புறக் கவிழ்ந்த நிலையில் இடுப்புக்குக் கீழே ஆடையின்றி, கால்களில் இரத்தம் வழிய அவர் கிடக்கிறார். அசையவில்லை. வந்தவர்கள் உட்கார்ந்து பேசத் தொடங்கினார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம் அவர் அப்படியே இருந்தார்.

பல விமர்சகர்கள் இந்தப் படைப்பைப் பாதிக்கப்பட்டவளின் இடத்தில் தன்னை வைத்துப் பார்த்த செயல் என்றே எழுதுகிறார்கள். அது சரி. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் அந்த அறையைக் கையில் வைத்திருந்தவர் யார் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். கதவை எவ்வளவு திறந்துவைப்பது, விளக்கை எங்கே வைப்பது, யாரைக் கூப்பிடுவது என எல்லாம் அவர் முடிவுசெய்தவை. மாட்டிக்கொண்டவர்கள் பார்க்க வந்தவர்கள். நாளிதழில் படித்துவிட்டு மடித்துவைக்கலாம். இங்கே அது முடியாது. உட்கார வேண்டும், எதையாவது பேச வேண்டும், பேசாமலிருந்தால் அதுவும் ஒரு பதிலாகிவிடும்.

இன்னொன்று, அதே ஆண்டில். மோஃபிட் என்ற கட்டடத்தின் வாசற்கதவுக்கு வெளியே, உள்ளிருந்து கசிந்து வந்ததுபோல, விலங்கின் இரத்தத்தையும் சதைத் துணுக்குகளையும் நடைபாதையில் இட்டார். பிறகு அக்காவும் அவரும் காருக்குள் ஒளிந்திருந்து அவ்வழியே போகிறவர்களைப் படம்பிடித்தார்கள். ஆட்கள் வருகிறார்கள், குனிந்து பார்க்கிறார்கள், போய்விடுகிறார்கள். யாரும் அந்தக் கதவைத் தட்டவில்லை. கடைசியில் பக்கத்துக் கடையிலிருந்து ஒருவர் வந்து எல்லாவற்றையும் வழித்தெடுத்துத் தரையைச் சுத்தம் செய்துவிட்டுப் போகிறார். அவ்வளவுதான் படம். அவருக்கு அப்போது இருபத்து நான்கு வயது. ஒரு கதவுக்குப் பின்னால் ஒரு பெண்ணுக்கு என்ன ஆனது என்று கேட்காமல் நடைபாதையை மட்டும் சுத்தம் செய்துவிடும் உலகத்தை, அதன் போக்கிலேயே விட்டுப் பதிவு செய்திருக்கிறார்.

சிலுவேத்தாக்கள் தொடங்கியதும் அந்த ஆண்டில்தான். மெக்சிகோவின் ஓஹாக்கா மாநிலத்தில் யாகுல் என்ற இடத்தில், பழங்குடி மக்களின் கற்கல்லறை ஒன்று திறந்துகிடந்தது. சந்தையில் வெள்ளைப்பூ வாங்கிக்கொண்டு போய், அந்தக் கல்லறைக்குள் ஆடையின்றிப் படுத்து, பூக்களைத் தன்மேல் பரப்பச் செய்தார். படத்தில் அவருடைய முகம் தெரியாது. உடம்பிலிருந்தே செடி முளைத்துப் பூத்ததுபோல் இருக்கும். அதற்குப் பிறகு மெல்ல மெல்ல உடல் படத்திலிருந்து விலகிக்கொண்டது, அதன் அளவு மட்டும் தங்கியது. தன் உருவத்தைப் பலகைபோல் வெட்டி வைத்துக்கொண்டு, அதை அச்சாகப் பயன்படுத்திக் கோடு கிழித்தார். 1976-இல் லா வெந்தோசா கடற்கரையில் மணலை அந்த வடிவில் குடைந்து சிவப்புப் பொடியை நிரப்பி, அலை கொஞ்சம் கொஞ்சமாக வந்து அதைக் கொண்டுபோவதை வரிசையாகப் படமெடுத்தார். அதே ஆண்டில் ஓஹாக்காவில், உள்ளூர் வாணவேடிக்கைக்காரரைக் கொண்டு மூங்கில் சட்டத்தில் ஒரு பெண்ணுருவைக் கட்டச் செய்து, இரவில் பற்றவைத்தார். சிறு படக்கருவியில் ஓடும் சூப்பர் 8 சுருள். சில நிமிடத்தில் எரிந்து முடிகிறது.

தமிழ் வாசகருக்கு இங்கே உடனே கோலம் நினைவுக்கு வரும், பாவை நோன்பின் ஈரமணல் பாவையும் வரும். வரட்டும், ஆனால் அங்கே நின்றுவிட வேண்டாம். கோலம் வாசலின் கடமை. அதைப் போடுகிறவளின் உடலளவை அது கேட்பதில்லை, எந்த வீட்டு மருமகள் போட்டாலும் அது கோலம்தான். சிலுவேத்தா ஒருத்தியின் உயரம், ஒருத்தியின் இடுப்பு அகலம். எந்த வீட்டுக்கும் மங்கலம் சேர்க்காதது. நமக்குத் தெரிந்த ஒன்றாக அதை மாற்றிக்கொண்டு மகிழ்வதும் ஒருவகையில் அதை அழிப்பதுதான்.

இவற்றைச் சாவு வேட்கை என்று சொல்கிறவர்கள் ஓர் எளிய செய்தியைக் கவனிப்பதில்லை. அழிந்துபோக விரும்புகிறவர் இவ்வளவு கவனமாகப் பதிவு செய்வாரா? ஒவ்வோர் உருவரைக்கும் முப்பத்தைந்து மில்லிமீட்டர் வண்ணச் சில்லுகள், பலவற்றுக்கு நகரும் படம். அவர் விட்டுச்சென்ற படச்சுருள்கள் மட்டுமே நூறைத் தாண்டும். எந்த ஒளியில், எந்தக் கோணத்தில், எந்த நொடியில் படமெடுப்பது என்று தேர்ந்து, பிறகு அவற்றிலிருந்து சிலதைப் பொறுக்கிப் பெரிதாக அச்சிட்டுக் காட்சிக்கு வைத்தார். அலை எவ்வளவு கொண்டுபோகலாம் என்பதற்கும் அளவு வைத்தவர் அவர்தான். மண்ணுக்குக் கொடுத்ததை மண் எடுத்துக்கொள்ளும். படத்தை அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. இளம்வயதில் தாய்நாட்டிலிருந்து பிடுங்கப்பட்டதுதான் இந்தத் தொடரின் ஊற்று என்று அவரே சொல்லியிருக்கிறார். அங்கே கேளாமல் பிடுங்கப்பட்டவள் இங்கே தானே வைக்கிறாள், தானே எடுக்கிறாள். இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் அவருடைய கலை முழுவதும்.

நான் சங்க இலக்கியம் கற்பிக்கிறவள். அதனால் இந்த வாசிப்புப் பழக்கம் எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. அகப்பாட்டில் யாரையும் பெயர் சுட்டிச் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த விதி. தலைவிக்கு ஊர் இருக்கலாம், பெயர் இருக்காது. அது ஒருவகையில் முகமில்லாத உருவரைதான். படிக்கிற யாரும் அதற்குள் படுத்துப் பார்க்கலாம். கபிலர் தலைவியின் குரலில் உருகிப் பாடினால் அதைக் கற்பனை என்கிறோம், குறிஞ்சி பாடுவதில் அவருக்கு நிகரில்லை என்கிறோம். அவர் யாரைப் பிரிந்து வாடினார் என்று ஒருவரும் கேட்டதில்லை. வெள்ளிவீதியார் அதே தலைவியின் குரலில் பாடினால் மட்டும் அது அவருடைய சொந்தக் கதை ஆகிவிடுகிறது. அகநானூற்றில் ஔவையார் பாடிய 147-ஆம் பாடலில், வெள்ளிவீதியைப் போல நானும் தேடிப் போக நினைக்கிறேன் என்று தலைவி சொல்கிறாள். அந்த ஓர் ஒப்புமையைப் பற்றிக்கொண்டு, கணவனைப் பிரிந்து ஊரூராக அலைந்தவர் அவர் என்று ஒரு வாழ்க்கை வரலாற்றைக் கட்டி, அவருடைய பாடல்களையெல்லாம் அதற்குச் சான்றாக நிறுத்திவிட்டோம். ஒருவேளை அது உண்மையாகவே இருக்கலாம். இருந்தாலும், ஆண் பாடினால் புனைவு, பெண் பாடினால் வாக்குமூலம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? பாட்டைப் பாட்டாகச் செய்த கை அந்தக் கணக்கில் காணாமல் போகிறது.

நியூயார்க் வழக்கிலும் இதே கணக்குதான். காரல் ஆந்த்ரேயின் சிற்பங்கள் தரையோடு தரையாகக் கிடப்பவை. உலோகச் சதுரங்களைத் தரையில் பரப்புவார். பார்வையாளர்கள் அவற்றின்மேல் நடந்து போகலாம். 120 செங்கற்களை இரண்டு அடுக்காகக் கிடத்திய படைப்பை லண்டனின் டேட் காட்சியகம் வாங்கியதைச் செய்தித்தாள்கள் பெரிதாகக் கேலி செய்தன. கேலி செய்தவர்கள்கூட அந்தச் செங்கற்களை வைத்து அவருடைய மனத்தைப் படிக்க முற்படவில்லை. தட்டையாகக் கிடத்தி மிதிக்கவிடுவதில் ஒரு வன்முறை நாட்டம் இருக்கிறதா என்று நீதிமன்றத்தில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அபத்தமாக இருந்திருக்கும், நியாயமும் இல்லை. செங்கல் வெறும் செங்கல், வடிவம், கருத்து. அந்த நியாயத்தில் பாதியையாவது மணலுக்கும் பூவுக்கும் கொடுத்திருக்கலாம். அவசர உதவிக்கு ஆந்த்ரே செய்த தொலைபேசி அழைப்பில், தான் அவளைவிடக் கூடுதலாக வெளியுலகுக்குத் தெரிந்தவன் என்பது பற்றித்தான் இருவருக்கும் சண்டை என்று அவரே சொன்னது பதிவாகியிருக்கிறது. யார் கலைஞர், யார் கலைஞரின் மனைவி என்ற வழக்கு அந்தப் படுக்கையறையிலேயே தொடங்கிவிட்டது.

அனாவைப் புனிதமாக்கவும் எனக்கு விருப்பமில்லை. 1978-இல் நியூயார்க்குக்குக் குடிபோன அவர், ஏ.ஐ.ஆர். காட்சியகத்தில் சேர்ந்தார். அமெரிக்காவில் பெண் கலைஞர்களே கூட்டாக நடத்திய முதல் காட்சியகம் அது, 1972-இல் தொடங்கியது. ஆனால் அதன் உறுப்பினர்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர். 1980-இல் அங்கேயே, அமெரிக்காவில் வாழும் மூன்றாம் உலகப் பெண் கலைஞர்களின் கண்காட்சி ஒன்றை அனா நடத்தினார். உடன் நின்று தொகுத்தவர்கள் ஜப்பானிலிருந்து வந்த கஸுகோ மியாமோட்டோவும், அலிகாரில் பிறந்த நம் ஸரீனாவும். வீட்டின் தரைப்படத்தையும் எல்லைக்கோட்டையும் வாழ்நாள் முழுவதும் மரத்தில் செதுக்கி அச்சிட்ட அதே ஸரீனாதான். கண்காட்சியில் கலந்துகொண்டவர்கள் எட்டுப்பேர். கறுப்பினக் கலைஞர் ஹோவர்டினா பிண்டெல், தான் சந்தித்த நிறவெறி அனுபவங்களைத் தானே சொல்லி நடித்த காணொளியை அங்கே காட்டினார். பெண்கள் இயக்கம் தன் உரிமைகளைக் கேட்டபோது வெள்ளையரல்லாத எங்களை மறந்துவிட்டது என்று கண்காட்சிக் கையேட்டில் அனா நேராகவே எழுதினார். இரண்டு ஆண்டுகளில் அந்தக் காட்சியகத்திலிருந்து விலகியும் விட்டார்.

இதை வாசிக்கும்போது எனக்குள் ஒரு நெருடல் எழும். குடியரசுத் தலைவர் பிறந்த குடும்பத்தின் பெண் தன்னை மூன்றாம் உலகப் பெண் என்று சொல்லிக்கொள்வது எவ்வளவு தூரம் செல்லும்? ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்த சாந்தேரியா வழிபாட்டை, ஹவானா வீட்டு வேலைக்காரப் பெண்களின் வாய்மொழியாகக் கேட்டறிந்ததைத் தன் கலைக்கு எடுத்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டா? 1980-இல் அவர் முதல்முறையாகக் கியூபாவுக்குத் திரும்பிப் போனார். அடுத்த ஆண்டு, ஹவானாவுக்கு அருகே ஹரூக்கோ மலைப்பகுதியின் சுண்ணாம்புக்கல் குகைகளில், அரசின் ஒப்புதலோடு பெண்ணுருவங்களைச் செதுக்கினார். அவற்றுக்கு அவர் வைத்த பெயர்கள் தைனோ பழங்குடியினரின் தேவியர் பெயர்கள்: அத்தாபேய், குவாபான்செக்ஸ், இத்திபா காவுபாபா. ஸ்பானியர் வந்து சில பத்தாண்டுகளில் சிதைத்தழித்த மக்களின் தெய்வங்கள் அவை. ஸ்பானியர் வழிவந்த ஒருத்தி அந்தப் பெயர்களைத் தன் உடலளவுக்கு இட்டுக்கொள்கிறாள்.

எடுத்துக்கொள்வது என்றால் எடுத்துக்கொள்வதுதான். அதை அழகிய சொற்களால் மூட வேண்டியதில்லை. நம் ஊரிலும் மேல்தட்டுக் கலைஞர்கள் கொற்றவையையும் இசக்கியையும் மேடைக்கு ஏற்றிக் கைதட்டு வாங்கிவிட்டு வீடு திரும்புவதைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம். ஆனால் ஹரூக்கோவில் எனக்குத் தென்படும் வேறுபாடு ஒன்று உண்டு. அங்கே மேடை இல்லை, கூட்டம் இல்லை. ஊரை விட்டு விலகிய குகைச்சுவரில், விற்க முடியாத, பெயர்த்தெடுக்க முடியாத உருவங்களை, வெயிலிலும் மழையிலும் தேயும் மென்கல்லில் செதுக்கிவிட்டு வந்தார். படங்களைத்தான் நியூயார்க்கில் காட்டினார். அந்தப் படங்களுக்கு விலை உண்டு, அதையும் மறைக்க வேண்டாம். இந்த நெருடல் தீரவில்லை. தீராமல் இருப்பதே அவரை ஒரு கலைஞராக வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். சண்டை போடவும் ஒத்துக்கொள்ளவும் முடிகிற படைப்பாளியாக அவரை நாம் நடத்துவது அப்போதுதான். பலியானவளிடம் யாரும் சண்டை போடுவதில்லை.

1983-இல் ரோம் பரிசு கிடைத்து இத்தாலிக்குப் போனார். வாழ்நாளில் முதன்முறையாக முறையான ஒரு பணிக்கூடம் வாய்த்தது. அங்கே அவருடைய வேலை திசைமாறியது. மண்ணையும் மணலையும் பசையோடு பிசைந்து பலகைமேல் இறுகப் பதித்தார். மரத்தண்டுகளை அறுத்து, வெடிமருந்தால் சுட்டுக் கருக்கி, அவற்றின்மேல் உருவங்களைப் பொறித்தார். இலைகளில் வரைந்தார். அறைக்குள் வைக்கக்கூடியவை, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகக் கூடியவை, அடுத்த ஆண்டும் இருக்கக் கூடியவை. ஏழெட்டு ஆண்டுகள் கடலுக்கும் தீக்கும் கொடுத்த கை, நிற்கும் பொருள்களைச் செய்யத் தொடங்கியிருந்தது. இறப்பதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளின் வேலை இது. சாவு நாட்டம் என்று வாதாடியவர்கள் கல்லறைப் படத்தைக் காட்டினார்கள். அது பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முந்தையது. அவர் கடைசியாகக் கையில் எடுத்த மரத்தண்டுகளை அவர்கள் காட்டவில்லை.

இனி நம் தரப்பு. 1992 ஜூனில் குகன்ஹைம் அருங்காட்சியகம் சோஹோ பகுதியில் தன் புதிய கிளையைத் திறந்தபோது, தொடக்கக் கண்காட்சியில் ஆந்த்ரேயின் படைப்பு இருந்தது. பெண்கள் நூற்றுக்கணக்கில் வெளியே திரண்டார்கள். காரல் ஆந்த்ரே உள்ளே இருக்கிறார், அனா மெண்டியேட்டா எங்கே என்று கேட்டன பதாகைகள். அந்தக் கேள்வி இன்றும் அவ்வப்போது காட்சியகங்களின் வாசலில் எழுப்பப்படுகிறது. அதில் நியாயம் இருக்கிறது. நான் அங்கே இருந்திருந்தால் நானும் பதாகை பிடித்திருப்பேன். விடுதலையான பிறகு ஆந்த்ரேயின் பெயர் எந்தச் சுவரிலிருந்தும் இறங்கவில்லை. 2024-இல் இறக்கும்வரை பெரும் காட்சியகங்கள் அவரைக் கொண்டாடின. அனாவுக்கு 1987-இல் நியூ மியூசியத்தில் ஒரு நினைவுக் கண்காட்சி நடந்தது. 2004-இல் இன்னொரு முழுமையான பெரிய கண்காட்சி வந்தது.

ஆனால் அந்தக் கேள்வியை நாம் கேட்கும் விதத்தில் ஓர் ஆபத்து இருக்கிறது. ‘எங்கே’ என்று கேட்டுவிட்டு, விடையாகச் சன்னலையும் நடைபாதையையும் நாமே காட்டிவிடுகிறோம். சிலுவேத்தாவின் கோட்டைச் சுவரொட்டியில் அச்சிட்டு, காவல்துறை சடலத்தைச் சுற்றி வரையும் சுண்ணாம்புக் கோட்டோடு அதை ஒன்றாக்குகிறோம். பார்ப்பதற்கு நெஞ்சில் அறைகிறது. ஆனால் எதிர்த்தரப்பு வழக்குரைஞர் சொன்னதும் இதேதான்: அவள் வரைந்தது அவளுடைய சாவையே. அவர் அதை நாட்டம் என்றார், நாம் முன்னுணர்வு என்கிறோம். கையெழுத்து மட்டும்தான் வேறு. 2018-இல் வெளிவந்த ‘சஸ்பீரியா’ என்ற திகில் படத்தின் விளம்பரத்தில் அனாவின் படைப்புகளை ஒத்த காட்சிகள் இடம்பெற்றதாக அவருடைய உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். வழக்கு சமரசத்தில் முடிந்தது. சிவப்புக் கறையும் கட்டிய கைகளும் ஒரு திகில் படத்துக்கு எளிதாகப் பொருந்திவிடும் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. அப்படித் தோன்றுமளவுக்கு அவற்றை நாம்தான் பழக்கி வைத்திருந்தோமோ?

மரணத்தைச் சொல்லாமல் விட்டுவிட வேண்டும் என்பது என் வாதமல்ல. அதைச் சொல்லாமல் விடுவது நடைபாதையைக் கழுவிவிட்டுப் போனவரின் வேலை. மரணத்தை மரணத்தின் இடத்தில் சொல்ல வேண்டும்: ஒரு வீட்டில் நடந்தது, ஒரு சண்டையின்போது நடந்தது, கீழே தெருவில் இருந்த காவலாளி ஒருவர் பெண்ணொருத்தி ‘வேண்டாம்’ என்று கத்தியதைக் கேட்டதாகச் சாட்சி சொன்ன இரவில் நடந்தது. அதற்கு அந்த வீடும் அந்தச் சமூகமும் பதில் சொல்ல வேண்டும். மணலில் கிடக்கும் சிவப்பு உருவரையிடம் போய் அந்தப் பதிலைக் கேட்கக்கூடாது. அது வேறொரு கடற்கரையில், வேறொரு ஆண்டில், தெளிந்த பகல் வெளிச்சத்தில், ஒருத்தி முழங்காலிட்டுக் குடைந்து செய்தது.

அகப்பாடல் வகுப்பில் வெள்ளிவீதியாரை நடத்தும் வாரத்தில் அனாவின் படங்களையும் மாணவிகளுக்குக் காட்டுவது என் வழக்கம். முதலில் தாடி. ஒரே சிரிப்பாக இருக்கும். பிறகு லா வெந்தோசாவின் மணல், பிறகு ரோமில் சுட்ட மரத்தண்டுகள். எப்படி இறந்தார் என்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வேன். சில ஆண்டுகளில் அதற்குள் மணி அடித்துவிடும். போன பருவத்தில் மணலுருவம் திரையில் இருந்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள், “அலை வர்றதுக்குள்ள எவ்வளவு நேரம் மேடம் கெடைச்சிருக்கும் அவங்களுக்கு?” இன்னொருத்தி, சாயத்தை ஈரமணலில் எப்படி ஊறாமல் நிறுத்தினார் என்றாள். கோலப்பொடி என்றால் ஊறிவிடும், செங்கல்தூள் என்றால் நிற்கும் என்று முன்வரிசையில் வாக்குவாதம் தொடங்கியது. அன்றைக்கு வெள்ளிவீதியாரை முடிக்க முடியவில்லை.